வடிகஞ்சியில் செய்த ரத்தம்

"கழுத்த வெட்டுற படம் எடுக்கறதுக்கா ஒங்கப்பா ஒன்னைக் காலேஜுக்கு அனுப்புனாரு?" என்று பக்கத்து வீட்டு லூர்து அக்கா கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படி ஏறிய முதல் ஆள் நான், பட்டமும் வாங்கியவள். லூர்து அக்காவுக்கெல்லாம் விளக்கம் சொல்வதா? (அத்தனை திமிர்.)

பழிவாங்கும் ரத்தப் படங்கள் என்றால் எனக்கு உயிர். எங்கள் ஊரில் ஒரு பட்டாவில் பெயர் மாறவே வருடக்கணக்கில் அலைய வேண்டும். அந்தப் படங்களிலோ இரண்டு மணி நேரத்தில் நாற்பது அயோக்கியர்களுக்குத் தீர்ப்பு கிடைத்துவிடும். ஒரே வெட்டு; உடைந்த பம்புசெட் குழாய் மாதிரி ரத்தம் பீறிடும். மனித உடம்பில் அவ்வளவு இருக்காது என்று படித்தவள்தான் நானும். ஆனாலும் கைதட்டுவேன்.

சென்னையில் திரைப்படப் படிப்பில் சேர, ஐந்து நிமிடப் படம் ஒன்று அனுப்பச் சொன்னார்கள். கடைசி நாளன்றுதான் படப்பிடிப்பே. குடமுருட்டி ஆற்றில் மணல் திருடுபவனை ஒரு கூலிக்காரப் பெண் வெட்டுகிறாள். இதுதான் கதை. அம்மா நாயகி, சித்தப்பா சூசை திருடன். வடிகஞ்சியில் கேசரிப் பவுடரைக் கலந்து ஒரு வாளி ரத்தம் தயார் செய்தேன். சித்தப்பாவிடம் இருந்த வெள்ளைச் சட்டை ஒன்றே ஒன்று என்பதால் ஒரே டேக்.

"ஆக்‌ஷன்" என்றேன். அம்மா, காலமெல்லாம் கதிர் அறுத்த பழக்கத்தில், குனிந்து சித்தப்பாவின் கணுக்காலுக்கு அட்டை அரிவாளைக் கொண்டுபோனார்.

"கழுத்தும்மா, கழுத்து."

"அடியோட அறுத்தாத்தாண்டி வைக்கோல் நீளமா வரும்."

சித்தப்பா எப்படியோ செத்தார். வாளியை அவர் மேல் கவிழ்த்தேன். வரப்பில் மேய்ந்துகொண்டிருந்த எங்கள் பசு, கஞ்சி வாசனை பிடித்து நேராக வந்து பிணத்தின் முகத்தை நக்கத் தொடங்கியது.

"அசையாதீங்க சித்தப்பா."

"நாக்கா இது, அரம் மாதிரி இருக்கு. நீ வந்து படு பாப்பம்." செத்தவர் பேசினார். பிறகு சிரிக்கவும் செய்தார். பழிவெறியில் நிற்க வேண்டிய நாயகி கேமராவைப் பார்த்து, "மாட்டுக்கு அந்தப் பவுடரு ஒத்துக்குமாடி?" என்றார்.

வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினேன். நேர்காணலில் ஒரு பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அந்த மாடு ஸ்கிரிப்ட்லயே இருந்துச்சாம்மா?"

"ஆமா சார். வன்முறையப் பத்தின விமர்சனம்." (கூசாமல்தான் சொன்னேன்.)

இடம் கிடைத்தது. இப்போதும் மாடு தீனி எடுக்காவிட்டால் அப்பா சித்தப்பாவுக்கு போன் போடுகிறார்: "சூசை, செத்த நேரம் வந்து படுத்துட்டுப் போப்பா."

இங்கே வகுப்பில் என்னை நகைச்சுவை இயக்குநர் என்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அடுத்த படத்துக்கான அனுமதிக் கடிதத்தை நேற்றே துறையில் கொடுத்துவிட்டேன். பதினோரு கொலை. எல்லாம் ஸ்டூடியோவுக்குள், கதவைச் சாத்திவிட்டு.