ஓர்ட்னர் அண்ணையும் ஒரு மலைப் பேருந்தும்

ஜெர்மனியில் காகித ஆலைகள் இன்னும் மூடாமல் ஓடுகின்றன என்றால், அதற்கு ஒரே ஆள்தான் காரணம். டோர்ட்மண்டில் என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் ஓர்ட்னர் அண்ணை. ஓர்ட்னர் என்பது இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும் தடித்த கோப்பு. மற்றவர்கள் அதை அலமாரியில் வைப்பார்கள். இவர் ரொட்டி வாங்கப் போனாலும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார்.

யாழ்ப்பாணத்துக்காரர். அந்தக் காலத்தில் அகதியாக வந்தபோது, ஏதோ ஒரு தாள் குறைகிறது என்று முகாமில் ஏழு மாதம் கூடுதலாக உட்கார வைத்துவிட்டார்களாம். அன்றைக்கு ஆரம்பித்த வியாதி. இப்போது கையில் ஜெர்மன் பாஸ்போர்ட் இருக்கிறது, வியாதி மட்டும் குணமாகவில்லை. விசாவுக்கு அலைந்ததில் கல்யாண வயசும் போய்விட்டது. தனி ஆள்.

அந்த மனுஷனுக்கு ஒரே ஆசை. "எங்கட ஊரில கடல் இருக்கு, மலை இல்லை. இங்க ரெண்டும் இல்லை. ரெண்டும் ஒண்டா நிக்கிற இடத்தை ஒருக்காப் பாக்கோணும் தம்பி." பல் டாக்டர் வீட்டுக் காலண்டரில் பார்த்த மொண்டெனீக்ரோதான் அந்த இடம். சின்ன நாடு, மலையிலிருந்து பஸ் பிடித்தால் அரை நாளில் கடற்கரை. "நீரும் வாரும்" என்றார்.

எனக்குத் திங்கட்கிழமை காலை விசா அலுவலகத்தில் டெர்மின். நாலு மாதம் தவம் கிடந்து வாங்கிய சந்திப்பு நேரம் அது. தவறவிட்டால் விசா போகும், பின்னாலேயே பல்கலைக்கழக வேலையும் போகும். ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் திரும்பிவிடலாம் என்ற தைரியத்தில் கிளம்பினேன்.

"பாஸ்போட்டிலையும் விசா அட்டையிலையும் ரெண்டு ரெண்டு கொப்பி எடுத்துத் தாரும்."

"எதுக்கு அண்ணே? ஃபோன்லயே இருக்கே."

"ஃபோன் செத்தா?"

"சரி, எதுக்கு ரெண்டு?"

"ஒண்டைக் கேட்டு வாங்கி வைச்சாங்கள் எண்டா?"

இந்த ஆளோடு வாதாடினால் விமானம் போய்விடும். கொடுத்தேன்.

மொண்டெனீக்ரோ விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைக் கேட்டார். அண்ணை அதோடு வாடகை ஒப்பந்தம், தடுப்பூசி அட்டை, பேக்கரி வேலையின் முதல் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பரப்பினார். அதிகாரி எதையும் தொடாமல் முத்திரை குத்தி, போ என்று கைகாட்டினார். அண்ணைக்கு முகமே வாடிவிட்டது. "ஒண்டையும் பாக்கேல்லை தம்பி!"

சனிக்கிழமை மலையிலிருந்து கடற்கரைக்கு பஸ். அண்ணை ஒரு மணி நேரம் முன்னாலேயே என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார். பஸ் நாற்பது நிமிஷம் தாமதமாக வந்தது. செருப்புப் போட்ட டிரைவர் ஒரு வீட்டில் பாலாடைக்கட்டி இறக்கினார், இன்னொரு வீட்டில் காபி குடித்தார். அண்ணை அச்சடித்த கால அட்டவணையில் ஒவ்வொரு தாமதத்தையும் பேனாவால் குறித்து, ஜெர்மனிலேயே அவரிடம் முறையிட்டார். டிரைவர் சிரித்துக்கொண்டே ஓர் அத்திப்பழம் கொடுத்தார்.

இந்த டிரைவர் எங்கே சீக்கிரம் கிளம்பப் போகிறார் என்று, பாதி வழியில் ஒரு டீக்கடையில் நின்றபோது பள்ளத்தாக்கைப் படமெடுக்கப் போனேன். எடுத்து எடுத்து ஃபோன் செத்தது. திரும்பி வந்தால் பஸ்ஸைக் காணோம். ரோட்டோரத்தில் ஓர்ட்னரைக் கட்டிப்பிடித்தபடி அண்ணை மட்டும் நின்றார்.

"பஸ் போட்டுது."

"நீங்க ஏன் அண்ணே இறங்கினீங்க?"

"நீர் ஏறேல்லையே."

இரண்டு பேர் பையும் பஸ்ஸில். என் பாஸ்போர்ட், விசா அட்டை இரண்டும் என் பைக்குள். விடிந்தால் விமானம். வந்த வண்டிக்கெல்லாம் கை காட்டினேன்.

முட்டைக்கோஸ் ஏற்றிய வேன் ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. வளைந்து வளைந்து இறங்கி, ஒரு திருப்பத்தில் சட்டென்று மலை முழுக்கக் கடலில் கால் நனைத்தபடி நின்றது. காலண்டரே தோற்றுப்போகும். "அண்ணே, பாருங்க!" என்று கத்தினேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. மடியில் ஓர்ட்னரைத் திறந்து என் தாளைத் தேடிக்கொண்டிருந்தார்.

கடற்கரை பஸ் நிலையத்தில், பைகள் எங்களுக்கு முன்னாலேயே வந்து கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தன. காவலர் கண்டிப்பானவர்.

"பாஸ்போர்ட்டைக் காட்டு, பையைத் தருகிறேன்."

"பாஸ்போர்ட் பைக்குள்ளே இருக்கு."

"எடுத்துக் காட்டு."

"பையைக் கொடுங்க."

"பாஸ்போர்ட்டைக் காட்டு."

அண்ணை என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். நகலை வைத்தார். காவலர் என் முகத்தையும் படத்தையும் பார்த்தார், பையைத் திறந்து பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டார், நகலைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அண்ணை இரண்டாவது நகலைத் தட்டிக்காட்டி, "வைச்சிரும், எங்களிட்ட இன்னொண்டு கிடக்கு" என்று தமிழிலேயே சொன்னார். முப்பது வருஷம் சுமந்த ஓர்ட்னரை முதல்முறையாக ஒருவன் மதித்த சந்தோஷம் அவர் முகத்தில்.

அப்போதுதான் கவனித்தேன். என் நகல் இருந்தது வாடகைக்கும் தடுப்பூசிக்கும் நடுவே, 'குடும்பம்' என்று ஜெர்மனில் எழுதிய பச்சை அட்டைக்குப் பின்னால். அங்கே வேறு ஒரு தாளும் இல்லை.

"என்னை ஏன் அண்ணே இதுல வெச்சிருக்கீங்க?"

"வேற எங்க வைக்கிறது? அது இவ்வளவு காலமும் சும்மாதான் கிடந்தது" என்று கோப்பை மூடினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "தம்பி, அந்தக் கடல் எந்தப் பக்கம்?"

கையைப் பிடித்து அழைத்துப் போனேன். இருட்டும் வரை பார்த்தார்.

திங்கட்கிழமை டெர்மினுக்கு நேரத்தோடு போய்விட்டேன். புது விசா அட்டை தபாலில் வந்த அன்று, அவர் கேட்காமலேயே இரண்டு நகல் எடுத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினேன்.