பன்னிரண்டு பெட்டிகளும் ஒரு பூச்சியமும்

கெட்டித்தனம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒத்துக்கொள்ளாத ஒரு சாமான். ஆனால் ஓர்ஸ் ஹில்லில் ஒரு சிறிய கணினி நிறுவனத்தில் சேர்ந்த ஆறாவது மாதம், அது என்னிடம் எக்கச்சக்கமாக இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் எங்கள் முதலாளி சேரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

எங்கள் வாடிக்கையாளர் ஜவாத் நானாவுக்குக் கிண்ணியாவில் ஐஸ்கிரீம் வியாபாரம். பன்னிரண்டு குளிர்பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் குளிரைக் கட்டுப்படுத்த ஒரு குட்டிக் கணினி. பெயர்கள் பெட்டி01, பெட்டி02 என்று பெட்டி12 வரை. (பெட்டியில் ஒட்டும் இலக்கங்கள் ஒரே அகலத்தில் இருந்தால்தான் வடிவு என்பது நானாவின் கட்சி.) எல்லாவற்றுக்கும் ஓரிடத்திலிருந்து கட்டளை அனுப்பும் நிரல் என் பொறுப்பு. பன்னிரண்டு பெயரையும் எழுத எனக்கென்ன விசரா? 'ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணு' என்று ஒரே வரியில் முடித்தேன். மூளையைக் காட்ட இன்னொரு வரியும் சேர்த்தேன்: 'பட்டியலில் இல்லாத பெட்டியை நிறுத்திவிடு.'

"சோதிச்சுப் பார்த்தனீரோ?" என்றார் சேர்.

"ஓம் சேர். பத்து, பதினொண்டு, பன்னிரண்டு மூண்டும் அச்சொட்டா வேலை செய்யுது."

(அந்த மூன்றும் நானாவின் கடை வாசலில் இருந்தன. உள்ளே போய் மற்றவற்றைப் பார்க்கப் பஞ்சி.) வெள்ளி பின்னேரம் எல்லாப் பெட்டிக்கும் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சனி காலை எட்டு மணிக்கு அலுவலகத்துக்குள் கால் வைத்ததும் நானாவின் அழைப்பு. அன்று மதியம் அவருடைய மகளின் கலியாண விருந்து.

"தங்கச்சி, உள்ளுக்கு ஒன்பது பெட்டியும் ஓஞ்சு கிடக்கு. ஐஸ்கிரீம் கஞ்சியாப் போகுது!"

என் நிரல் 1, 2, 3 என்று எண்ணியிருந்தது. பெட்டிகளோ 01, 02, 03. கணினிக்கு 1 வேறு ஆள், 01 வேறு ஆள். என் மூளை வரி ஒன்பதையும் நிறுத்திவிட்டது.

"ரெண்டு நிமிஷம் நானா."

"கெதியாச் செய்யுங்க. தப்பினதை வாசல் பெட்டி மூண்டிலயும் அடைச்சு வைக்கிறன்."

இதைக் காதில் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. பூச்சியம்தானே குறை என்று எல்லா எண்களுக்கும் முன்னால் ஒன்றை ஒட்டி அனுப்பினேன். 1 போய் 01 ஆனது, சரி. ஆனால் 10 போய் 010 ஆனது. அப்படியொரு பெட்டி உலகத்திலேயே இல்லை. வெறும் பெட்டிகள் ஒன்பதும் ஜில்லென்று குளிர, ஐஸ்கிரீம் அடைத்த மூன்றும் நின்றுபோயின.

கலியாண வீட்டுக்குப் போயிருந்த நானா பதினொரு மணிக்குத் திரும்பி வந்து பார்த்துவிட்டு அழைத்தார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தங்கச்சி, இனி நீங்க ஒண்டும் செய்யாதீங்க. கையை மடியில வைச்சுக்கொண்டு இருங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சேர் கதிரையை இழுத்துப் போட்டு அருகில் அமர்ந்தார். எந்த எண்ணையும் இரண்டு இலக்கமாக எழுது, குறைந்தால் மட்டும் பூச்சியம் போடு என்று மாற்றினோம். பெயர்களை முதலில் திரையில் காட்டு, பன்னிரண்டும் சரியென்றால்தான் கை வை என்றும் சேர்த்தோம். என் மூளை வரியைச் சேர் தானே அழித்தார். என் கடிதத்தை லாச்சிக்குள் வைத்து மூன்று மாதத்துக்குப் பூட்டினார்.

விருந்தில் ஐஸ்கிரீமைக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது "புது ஐட்டம்" என்றாராம் நானா.

நாலு வருடம் கழித்து என் கலியாணத்துக்கு அவர் ஐஸ்கிரீம் கொண்டுவந்தார். ஒரேயொரு பெட்டி. அதில் கொட்டை எழுத்தில் 001. ஏன் இத்தனை பூச்சியம் என்று கேட்ட என் மாமியாருக்கு முழுக் கதையையும் பந்தியிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

இன்றைக்கும் நான் குசினிக்குள் பிரிட்ஜுக்குக் கிட்டப் போனால் போதும், மாமியின் குரல் வரும்:

"பிள்ளை, என்ன செய்யப் போறீர் எண்டு முதல்ல சொல்லும். பிறகு கை வையும்."