ஏழு நிமிடத்தில் தண்ணீர் வரும்

கணினித் திரையில் ஒழுங்காக நடப்பது வெளியிலும் ஒழுங்காக நடக்கும் என்று நம்புகிற ஒரு வயது உண்டு. எனக்கு அது இருபத்து நான்கு. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். (இதை யாரும் கேட்காமலே சொல்வேன். இப்போதும்தான்.)

என் முதுகலை ஆய்வு, ஒரே குழாயில் காற்றும் தண்ணீரும் சேர்ந்து ஓடுவதைப் பற்றியது. அந்த ஓட்டம் நொடிக்கு நொடி மாறும். குழாயைச் சிறு துண்டுகளாகவும் நேரத்தைச் சிறு துளிகளாகவும் நறுக்கி, ஒவ்வொன்றிலும் காற்று எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று கணினியைக் கணக்குப் போட வைக்க வேண்டும்.

பகாவ் ஊர்ப் பக்கம் நாங்கள் குடியிருந்த செம்பனைத் தோட்டத்தில் அப்பாவுக்கும் இதே வேலைதான், கணினி இல்லாமல். குன்றின் மேலிருக்கும் தொட்டியிலிருந்து வீடுகளுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர் அவர்.

இரண்டு நாளாகக் கெட்டிருந்த பம்பு, அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று காலையில்தான் ஓடியது. குழாய் முழுக்கக் காற்று. சிரம்பானிலிருந்து கிளம்பிய மாப்பிள்ளை வீட்டார் வழியிலிருக்கும் கோலப்பிலாவைத் தாண்டிவிட்டார்கள்; இன்னும் அரை மணி நேரத்தில் வந்துவிடுவார்கள். வந்தவர்கள் வாசல் குழாயில் கால் கழுவித்தான் உள்ளே வர வேண்டும். அவர்களுக்கோ தோட்டத்துச் சம்பந்தம் என்பதே அரை மனசு. (“அங்க தண்ணியாச்சும் ஒழுங்கா வருமா?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டிருந்தார்.)

“வால்வ கால்வாசி தொறந்து, ஒரு மணி நேரம் துப்ப விடணும்மா,” என்றார் அப்பா. “இல்லன்னா காத்து கோவிச்சுக்கும்.”

“காத்துக்கு ஏதுப்பா கோவம்? முழுசா தொறந்துடுங்க. நம்ம பைப்ப வச்சே கணக்கு போட்டுட்டேன் லா. ஏழு நிமிசத்துல தண்ணி வரும்.”

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அழுத்தினால் காற்று சுருங்கும், பிறகு திமிறும். அதையும் சேர்த்தால் என் கணினி ஒரு நாள் முழுக்க ஓடும். அதனால் காற்று சுருங்கவே சுருங்காது என்று எழுதிவிட்டிருந்தேன்.

அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம், “மக கணக்கு போட்டுட்டா,” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் குன்றேறினார்.

வால்வு திறந்த ஏழாவது நிமிடம் வேன் வந்து நின்றது. பட்டுச் சேலையில் இறங்கிய மாப்பிள்ளையின் அம்மாவை நானே குழாயடிக்கு அழைத்துப் போனேன்.

“வருதா?”

“இப்ப வரும் அத்தை.”

குழாய் ஒருமுறை இருமியது. அப்புறம் சத்தமே இல்லை. அத்தை குனிந்து பார்த்தார்.

குழாயின் தலை பறந்து கூரைமேல் விழுந்தது. பின்னாலேயே இரண்டு நாள் அடைபட்டிருந்த காற்று. அதற்கும் பின்னால் செம்மண் தண்ணீர். கால் மட்டும் கழுவ வந்தவரை உச்சி முதல் கழுவிவிட்டோம்.

அக்கா சன்னலில் நின்று அழ ஆரம்பித்தாள். வேனுக்குள் யாரோ, “திரும்பிடலாம் லா,” என்றார்கள். குன்றிலிருந்து இறங்கி வந்த அப்பா நிலைமையைப் பார்த்துக் கைகூப்பினார்.

“மன்னிச்சிருங்கம்மா. நான்தான் வால்வ ரொம்ப தொறந்துட்டேன்.”

அப்பா பொய் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

“இல்ல அத்தை,” என்றேன். “அவரு வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் தப்பா கணக்கு போட்டேன்.”

அத்தை முகத்தை வழித்துவிட்டுக்கொண்டார். “என்ன கணக்கு? காட்டு.”

அம்மாவின் நூல் சேலைக்கு மாறி வந்து என் மடிக்கணினி முன் உட்கார்ந்தார். திரையில் நீலத் தண்ணீர் வர வர, வெள்ளைக் காற்று வழிவிட்டு அடக்கமாக வெளியேறியது. இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார்.

“இந்தக் காத்து ரொம்ப நல்ல புள்ளையா இருக்கே,” என்றார்.

முதலில் அக்கா சிரித்தாள். பிறகு வேனிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். தட்டு மாற்றினோம். (யாரும் கால் கழுவவில்லை. குழாய்ப் பக்கமே போகவில்லை.)

என் காற்றுக்குச் சுருங்கவும் திமிறவும் கற்றுக்கொடுக்க எனக்கு மேலும் எட்டு மாதம் பிடித்தது. ஆய்வைச் சோதித்த பேராசிரியர், “நிஜக் குழாயில் சரிபார்த்தீர்களா?” என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். யார் மேல் என்று சொல்லவில்லை.

பட்டமளிப்பு நாளில் அத்தை அதே பட்டைக் கட்டி வந்திருந்தார். எத்தனை தரம் வெளுத்தும் செம்மண் போகவில்லை. படம் எடுக்கும்போது முந்தானையை முன்னால் இழுத்து, கறை தெரிகிற மாதிரி விட்டுக்கொண்டார். சிரம்பான் வீட்டுக்கு இன்றைக்கு யார் போனாலும், அந்தப் படத்தில் என்னைக் காட்டுவதற்கு முன் கறையைக் காட்டுவார்.

“இவ படிப்புல இது என் பங்கு.”