என்ஜினுக்குக் கட்டிய காப்பு

1987இல் மேற்கு பெர்லினின் நொய்கெல்னில் எந்த வைத்தியர் வாசலிலும் அவ்வளவு கூட்டமில்லை. தம்பித்துரைச் சுவாமிகளின் மாடிப்படியில்தான் கூட்டம். ஒருத்தி தையல் மெசினோடு நிற்பாள். ஒருவர் கார் பற்றரியை மடியில் வைத்துக் காத்திருப்பார். இயந்திரங்களைப் பிடித்த பேய்களைச் சுவாமிகள் ஓட்டுகிறாராம். இலங்கை ஊர்ப் பேய்கள் விசா இல்லாமலே ஜெர்மனிக்கு வந்துவிட்டன, குளிர் தாங்காமல் சூடான என்ஜின்களுக்குள் புகுந்துகொண்டன என்பது அவருடைய ஆராய்ச்சி. கேட்டவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

சுவாமிகள் ஊரில் வாகனம் திருத்தும் கராஜில் வேலை செய்தவர். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியபோதும் வெறும் தம்பித்துரைதான். நொய்கெல்னுக்கு வருவதற்குள் ஞானம் கிடைத்துவிட்டது. அகதி விண்ணப்பத்துக்கு வருடக்கணக்கில் பதில் வராத நாட்டில் ஞானம் மட்டும் உடனே கிடைத்தது அதிசயம்தான்.

அகதியாக வந்த விஜயரத்தினம் பெர்லின் ஏரி ஒன்றில் ஒரு ஜெர்மன்காரரின் உல்லாசப் படகை ஓட்டினார். அவருடைய வேலை அனுமதி அந்த ஒரு வேலைக்கு மட்டுமே. கோடை தொடங்கியதும் சுவாமிகளை அழைத்து என்ஜினுக்குக் காப்புக் கட்டுவித்தார். மஞ்சள் துணி, உள்ளே எலுமிச்சம்பழம். அன்று மாலையே படகு கரும்புகை கக்கியது. பெற்றோலைத் தண்ணீராகக் குடித்தது.

"காப்பு இல்லையெண்டால் படகே எரிஞ்சிருக்கும்," என்றார் சுவாமிகள். பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

விஜயரத்தினம் கெட்டிக்கார மெக்கானிக். பிளக்குகளைக் கழற்றிக் கரி துடைத்தார். காற்று வடிகட்டியை மாற்றினார். பெற்றோல் குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மஞ்சள் துணிக்குக் கீழே மட்டும் பார்க்கவில்லை. கட்டியவர் அவிழ்க்காமல் காப்பில் கை வைத்தால் குடும்பத்துக்கு ஆகாதே.

சனிக்கிழமைக்குள் புகை நிற்காவிட்டால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். வேலை போனால் அனுமதியும் போகும், மறுபடி அகதி முகாம்தான். சுவாமிகள் மனமிரங்கி, சனிக்கிழமையே ஒரு பெரிய பூசைக்குச் சம்மதித்தார். தட்சணையாக விஜயரத்தினத்தின் மனைவி பேர்பெச்சுவாவின் சங்கிலி போதுமாம்.

பேர்பெச்சுவா வேதக்காரி. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவாள். ஆனால் அவரிடம் என்ஜின் திருத்தக் கேட்டதில்லை. பூசையன்று காலை படகில் இறங்கிக் கணவரிடம் கேட்டாள்.

"காப்புக் கட்ட முதல் புகைச்சதோ?"

"இல்லை."

"அப்ப காப்பைத்தான் முதல்ல பாக்கோணும்."

அவர் தடுப்பதற்குள் அவிழ்த்துவிட்டாள். வாடிய எலுமிச்சம்பழம். அதன் பின்னால் கழன்று தொங்கிய ஒரு வயர். என்ஜின் சூடாகிவிட்டது என்று, பெற்றோலை அளந்து விடுகிற மூளைப்பெட்டிக்குச் சேதி சொல்கிற வயர் அது. சேதி போகாவிட்டால், என்ஜின் குளிரில் விறைக்கிறது என்று நினைத்துப் பெட்டி பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். கராஜ்காரச் சுவாமிகளுக்கு இது தெரியாதா? விஜயரத்தினத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவள் வயரைச் செருகி, துணியைப் பழையபடி கட்டினாள்.

மத்தியானம் ஏரிக்கரையில் தேங்காயும் கற்பூரமுமாகக் கூட்டம். நாயோடு உலாவ வந்த ஜெர்மன்காரர்களும் நின்று பார்த்தார்கள். பேயை முதலில் எல்லோரும் பார்க்கட்டும் என்று சுவாமிகள் என்ஜினை ஓடவிடச் சொன்னார். ஓடியது. சூடாகியது. புகையைக் காணோம்.

சுவாமிகள் ஒரு கணம் விழித்தார். பிறகு, "என்ர காலடி கேட்டே ஓடிட்டுது," என்று சங்கிலிக்குக் கை நீட்டினார். கூட்டம் அரோகரா போட்டது.

பேர்பெச்சுவா துணியை அவிழ்த்து வயரைப் பிடுங்கினாள். கரும்புகை எழுந்தது. செருகினாள். புகை அடங்கியது. மறுபடி பிடுங்கினாள். மறுபடி புகை.

"நான் வா எண்டால் வருது, போ எண்டால் போகுது," என்றாள். "இந்தத் துணியைக் கட்டினது நீங்கள். வயரைக் கழட்டினது ஆர், சாமி?"

சுவாமிகளுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவசர டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், இருப்பது நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை அந்த அலுவலகம் பூட்டு. அதை யாராவது சொல்வதற்குள் அவர் பஸ் ஏறிவிட்டார்.

விஜயரத்தினத்தின் வேலை தப்பியது. கூட்டம் திருந்தியதா? தையல் மெசின்காரி ஓர் எலுமிச்சம்பழத்தைப் பேர்பெச்சுவாவின் காலடியில் வைத்து, "தாயே, என்ர மெசினுக்கும் ஒரு வழி சொல்லுங்கோ," என்றாள்.

"வீட்டை கொண்டுபோய்த் தேசிக்காய்த் தண்ணி போட்டுக் குடியுங்கோ. பிறகு மெசினைத் திறந்து பாருங்கோ," என்று பேர்பெச்சுவா பழத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

சேதி போகாத என்ஜின் புகைதான் கக்கும். உங்கள் தலைக்குள்ளும் ஒரு பெட்டி இருக்கிறது, பக்தர்களே. அதற்குப் போகிற வயரில் மஞ்சள் துணி கட்டியது யார்? அவிழ்த்துப் பாருங்கள், குடும்பத்துக்கு ஒன்றும் ஆகாது.