மூக்கு நீட்டிய விமானம்

என் வீட்டுக்காரர் ஒருநாள் பல் விளக்கிக்கொண்டே சபதம் செய்தார். "முதல் தடவை வானத்துல நான் தனியாத்தான் போவேன்!" நுரை என் முகத்தில் தெறித்தது.

எதற்குத் தனியாக? என் குரல் எட்டாத இடம் ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

எங்கள் கார் வெயிலில் காய்கிறது. கார் ஷெட்டில் இவரே கட்டிய குட்டி விமானம். முன்னால் ஒரு சீட்டு, பின்னால் ஒரு சீட்டு. பயிற்சி முடித்து உரிமமும் வாங்கிவிட்டார். குறை சொல்லக்கூடாது, நன்றாகத்தான் ஓட்டுவார். ஆனால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஸ்பேனர் தேடப் போகிற மனுஷன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே வீடெல்லாம் அதைத் தேடுகிறவர். இவரைத் தனியாக மேகத்துக்குள் அனுப்பிவிட்டு நான் என்ன செய்ய? ஆண்டவனைக் கூப்பிடலாம். அவருக்கும் ஆயிரம் வேலை. பின்னாலேயே ஒரு ஆள் இருந்தால் அவருக்கும் பாரம் குறையுமே.

"நானும் வரேங்க."

"நீயா? உன்னை ஏத்தினா விமானம் ஓடும். ரோட்டுலதான் ஓடும்."

விமானத்தைச் சோதித்து அனுமதி தருகிற ஆய்வாளர் ஒருநாள் வந்தார். இவர் கை கழுவப் போன நேரத்தில், டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அம்மா, எஞ்சின் கொஞ்சம் கனம். முன்பாரம் இப்பவே எல்லையில நிக்குது. இன்னும் துளி கூடினாலும் பின்சீட்டுல ஆள் இல்லாம கிளப்ப முடியாது."

"அப்படியா தம்பி? இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா?" என்றேன்.

அன்று சாமி முன்னால் வெகு நேரம் உட்கார்ந்தேன். என்னைப் பொய் சொல்ல வைத்துவிடாதே என்று கேட்டுக்கொண்டேன். பொய் சொல்லவும் இல்லை.

"ஏங்க, விமானத்துக்கு மூக்கு ஏன் இப்படிச் சப்பையா இருக்கு? உங்க தங்கச்சி மாதிரி."

"என் தங்கச்சி மூக்குக்கு என்னடி?"

"ஐயோ, அவளுக்கு அழகாத்தான் இருக்கு. விமானத்துக்குத்தான் பொருந்தலை."

அவ்வளவுதான். இவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு அலுமினியத் துண்டோடு வந்தார். பெரிய நூல்கண்டு உருளை மாதிரி, ஒரு சாண் நீளம். இதை எஞ்சினுக்கும் முன்னால் சுற்றுகிற விசிறிக்கும் நடுவில் வைத்தால் விசிறி முன்னால் தள்ளிப் போகுமாம். கிடைத்த இடத்தில் எஞ்சின் மூடியைக் கூராக நீட்டலாமாம்.

மனசு கேட்கவில்லை. "முன்னாடி கனம் கூடிடாதாங்க?"

"போடி! இது உன் குக்கர் மூடியை விட லேசு."

கேட்டாயிற்று. இனி என் மேல் பாவமில்லை.

போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். அளவு வந்ததும் ஸ்பேனர் 'டக்' என்றது.

"பார்த்தியா? எங்க நிறுத்தணும்னு ஸ்பேனருக்குக்கூடத் தெரியுது."

நான் விசிறியின் நுனிக்கு நேராக, அடையாளத்துக்கு ஒரு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையால் சுற்றிப் பார்த்தார். இரண்டு நுனியும் ஒரே இடத்தில் மயிரிழை பிசகாமல் வந்தன. மனுஷன் கைவேலை சுத்தம். பிறகு பழைய மூடியை அறுத்து ஒட்டு வைத்து, கிளி மூக்காக நீட்டிவிட்டார்.

ஆய்வாளர் மறுபடி வந்தார். சக்கரத்துக்கு ஒரு தராசு வைத்து நிறுத்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"சார், மூக்கு இழுக்குது. பின்சீட்டுல ஆள் வேணும்."

"அந்தத் துண்டு எடையே இல்லையே!"

"துண்டு லேசுதான். விசிறியையும் மூடியையும் அதுதானே முன்னால தள்ளியிருக்கு? ஏறி இறங்குற சீசா பலகையில நுனிக்குப் போய் உட்கார்ந்த மாதிரி."

"மணல் மூட்டை வைக்கிறேன்."

"மூட்டை நகர்ந்தா உங்களைக் கேட்டுட்டா நகரும்?"

"வால்ல ஈயம் கட்டறேன்."

"கட்டுங்க. திரும்ப விண்ணப்பம் போடுங்க. என் முறை வர மழைக்காலம் முடிஞ்சிடும்."

"கழட்டியே போடறேன்!"

"பழைய மூடி?"

இவர் அறுத்துப் போட்ட மிச்சத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அம்மா, நீங்க கொஞ்சம் பின்னால ஏறி உட்காருங்க." உட்கார்ந்தேன். ஆய்வாளர் தராசுகளைப் பார்த்துச் சிரித்தார். "அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு சார்!"

"சரி வா," என்று முனகினார் இவர். "எஞ்சின் சத்தத்துல நீ பேசறது எப்படியும் கேட்காது."

"கேட்கும் சார். ரெண்டு பேருக்கும் ஹெட்போன் கட்டாயம்," என்றார் ஆய்வாளர்.

ஞாயிற்றுக்கிழமை பறந்து, ஆண்டவன் புண்ணியத்தில் பூப்போல இறங்கினோம். வீடு திரும்பியதும் வாசலிலேயே பக்கத்து வீட்டுக்காரர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மேலேயிருந்து நம்ம தெரு எப்படி இருந்துச்சு?"

"யாருக்குத் தெரியும்? 'நேராப் பார்த்து ஓட்டுங்க'ன்னுட்டா."