உடும்புப்பிடியும் உடைந்த குழாயும்

பாத்ரூம் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே வெளியே வந்த ராக்கன், மனைவி அமிர்தவல்லியிடம் சொன்ன காரணம்: "துரு."

"பிளாஸ்டிக் குழாயில துருவா?" என்றாள் அவள்.

உண்மைக் காரணம் வேறு. ராக்கன் ஒரு காலத்தில் பெரிய கபடிக்காரர். 'உடும்புப்பிடி ராக்கன்' என்றால் கீரமங்கலத்திலிருந்து மணமேல்குடி வரைக்கும் தெரியும். இன்றைக்கும் பொங்கல் போட்டி நடந்தால் அவரை மேடையேற்றித் துண்டு போடுவார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு இப்போது குத்தவைத்தால் எழுந்திருக்க முடியவில்லை. முட்டி போய்விட்டது. பிடி மட்டும் போகவில்லை. எழுவதற்காகப் பிடித்த குழாய் சுவரைவிட்டு வந்துவிட்டது. இதை வெளியே சொல்வதைவிட ஊரைவிட்டே போய்விடலாம் என்று அவருக்கு அவ்வளவு வெட்கம்.

வெஸ்டர்ன் டாய்லெட் வைத்துவிட்டால் தீர்ந்தது. யாருக்கு என்று கேட்பார்களே? அதற்கும் ராக்கன் ஆளைப் பிடித்துவிட்டார்.

"அமிர்தம், ஒங்கம்மா இங்க வந்தா பாவம், முட்டிய மடக்கிக்கிட்டு செரமப்படுறாங்க. பாத்ரூமை இடிச்சு வெஸ்டர்ன் வச்சிருவோம்."

"எங்கம்மா மேல இம்புட்டுப் பாசமா? அடுப்படி மேடைய ஒசத்திக் குடுங்கன்னு கல்யாணமானதுலேருந்து கேக்குறேன். குனிஞ்சு குனிஞ்சு எனக்கு இடுப்பே கழண்டு போச்சு."

"அது எங்காத்தா ஒசரத்துக்குக் கட்டுனது. அதுல கை வைக்கப்படாது."

"ஒங்களை ஊரே மேடையேத்துது. என் மேடைய ஏத்தத்தான் ஆளில்ல."

இரண்டு நாள் கழித்துக் கொத்தனார் வெள்ளைச்சாமி டேப்போடு வந்தார். பின்னாலேயே வல்லத்திராக்கோட்டையிலிருந்து மாமியார் பொன்னுத்தாயும் வந்து இறங்கினார். அமிர்தவல்லி போன் போட்டு வரவழைத்திருந்தாள்.

"எனக்கு எதுக்கு மாப்ளே அந்த நாக்காலி?" என்றபடி பொன்னுத்தாய் பாத்ரூம் நடுவில் பொசுக்கென்று குத்தவைத்தார். பொசுக்கென்று எழுந்தார். "நேத்து முச்சூடும் கடலைக் கொல்லையில களையெடுத்துட்டுத்தான வாரேன்!"

"பாத்தீங்களா!" என்றாள் அமிர்தவல்லி. "வயசான மனுசியே இப்படின்னா, கபடிக்காரரு நீங்க எப்படி எந்திரிப்பீங்க! ஒருக்கா ஒக்காந்து காட்டுங்க."

"ஆமாண்ணே! ஒங்க ஆட்டத்தைப் பாத்து எம்புட்டு நாளாச்சு!" என்றார் வெள்ளைச்சாமி.

மானப் பிரச்சினை. ராக்கன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான்.

"என்னங்க?"

"தண்ணி ஓட தரையில வாட்டம் சரியா இருக்கான்னு பாக்குறேன்."

"வாட்டம் ஒங்க மொகத்துலல்ல தெரியுது. நல்லாப் பாருங்க."

வெள்ளைச்சாமி டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தார். ராக்கன் இன்னும் வாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மட்டக்கோல் வச்சா நொடியில தெரிஞ்சிரும்ணே."

ராக்கனுக்குக் காதெல்லாம் சுட்டது. மாமியார் எதையும் பார்க்காதவர்போல மெல்லக் கொல்லைப்பக்கம் நழுவியது இன்னும் பெரிய அவமானமாக இருந்தது. பிடித்து எழலாம் என்றால் குழாய் இருந்த இடத்தில் துணி அடைத்திருந்தது.

அமிர்தவல்லி அவர் காதோரம் குனிந்தாள். "அடுப்படி மேடைய ஒசத்தலாமா?"

"அது எங்காத்தா..."

"சரி, வாட்டம் பாருங்க."

"ஒசத்து தாயி! கையக் குடு!"

கொடுத்தாள். எழுந்து நின்ற ராக்கன் வேட்டியை உதறிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், "வாட்டம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

"வெள்ளைச்சாமி, அங்கிட்டு மாட்டுக்கொட்டகையில வெஸ்டர்ன் கோப்பைய சாக்கு போட்டு மூடி வச்சிருக்கேன், எடுத்துட்டு வா. இவரு குழாயும் கையுமா வந்த அன்னிக்கே வாங்கிட்டேன்" என்றாள் அமிர்தவல்லி.

ராக்கனுக்குத் தலை இன்னும் தாழ்ந்துவிட்டது. "எல்லாந் தெரிஞ்சிருந்துமா என்னைய நாலு பேரு முன்னால குத்தவைக்க விட்டே? எதுக்கு?"

"மேடையேத்தத்தான்."