ஒரு ஏக்கரைத் தின்றவர்கள்

இந்தியாவுக்கு நாளைக்குச் சோறு கிடைக்குமா, சாம்பாருக்குப் பருப்பு இருக்குமா என்கிற கவலையை டில்லியில் யாரோ பெரிய மனிதர்கள் பட்டுக்கொண்டிருப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கிடையவே கிடையாது. அந்தக் கவலை மொத்தத்தையும் ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் சத்தியவேட்டில் ஒரு மாடி ரூமில் என் பாய்க்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்தார். படுத்திருந்தார் என்பதுகூடப் பொய். பாய் விரித்திருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்தது. அது கம்பெனி அடையாள அட்டையோடு சரி. எங்களுக்கெல்லாம் அவர் ஏக்கர்.

பக்கத்து ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்கிற ஒரு கம்பெனியில் நான் குவாலிட்டி செக்‌ஷன். பெட்டி, பெட்டி மாதிரி இருக்கிறதா என்று பார்த்துத் தலையாட்டுகிற வேலை. காளஹஸ்திப் பக்கத்துத் தெலுங்கன் ரமணா பேக்கிங்கில் இருந்தான். ஏக்கர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். மூன்று பேருக்கும் ஒரே ரூம். அத்தனை பெரிய ஷெட்டில் உட்கார்ந்தே செய்கிற வேலை வாய்த்தவர் அவர்தான். அவருக்கோ உட்காரத்தான் ஆகாது. சீட்டில் பாதி, வெளியே பாதி என்று ஒட்டிக்கொண்டிருப்பார். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்தி ரூமுக்குள்ளேயே நடந்துகொண்டு சாப்பிடுவார். பல் தேய்க்கக்கூட மொட்டைமாடியை நாலு சுற்று சுற்றியாக வேண்டும்.

கம்பெனி பஸ்ஸில் கேட்கவே வேண்டாம். அறுப்பு முடிந்து சும்மா கிடக்கிற கழனி கண்ணில் பட்டதும் ஸ்பிரிங் வைத்த மாதிரி எழுந்து நின்றுவிடுவார்.

"பார்றா, பார்றா! நெல்லு அறுத்துட்டு அப்பிடியே போட்டுக்கினு கீறான்! மண்ணுல ஈரம் கீது, மேல பனி கீது, உளுந்துக்கு இதுக்கு மேல இன்னாடா வோணும்? ஏசி ரூம் வோணுமா?"

"குந்துண்ணா, தூங்கணும்" என்பேன்.

"நீ தூங்கு. இந்த நாடே தூங்குது. அதான் பர்மாலருந்து பருப்பு கப்பல் ஏறி வந்து நம்ம சாம்பார்ல குந்திக்கினு கீது."

கேன்டீனில் இதைச் சொல்லியே பாதிப் பேரை விரட்டிவிட்டார். நிம்மதியாக ஒரு வாய் வைக்க முடியாது. எதிரே வந்து நின்று, "இது எந்த ஊரு பருப்புன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். ரமணா ஒரு முறை பொறுக்க முடியாமல், "நாக்கு தெலீது, எனக்குத் தெரியாது அண்ணா, அதைக் கேட்டாதான் சோறு இறங்கல" என்று தட்டோடு எழுந்து போய்விட்டான்.

கம்பெனி மதில் ஓரமாக ஒரு மழைக்காலத்தில் அவர் பாட்டுக்குத் துவரையை ஊன்றிவிட்டார். செக்யூரிட்டி அதை ஏதோ அழகுச்செடி என்று நினைத்து மூன்று மாதம் தண்ணீர் ஊற்றினார். மஞ்சள் மஞ்சளாகப் பூத்தபோது வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய அதிகாரி அதன் முன்னால் நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் செடி முழுவதும் காய்ந்து சரசரக்க, ஏக்கர் கோணிப்பையோடு போய் நின்றார். "அழகுச்செடிக்குக் கோணி எதுக்குய்யா?" என்று செக்யூரிட்டி கேட்கக் கேட்க, காயை உருவி உருவிப் பையில் போட்டுக்கொண்டே போனார்.

இப்போது அந்தப் பேர் வந்த கதை. இதில் எனக்கும் ரமணாவுக்கும் பெரும் பங்கு உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. ஏக்கர் ஊருக்குப் போயிருந்தார். சூடாக ஏதாவது தின்றால் தேவலை என்று நாக்கு அரித்தது. சுவரில் ஆணியில் ஒரு துணிப்பை தொங்கியது. எட்டிப் பார்த்த ரமணாவின் முகம் மலர்ந்தது. "மினுமுலு! காரெலு போட்டுடலாம்" என்றான். உளுந்து, வடை என்று பொருள். எவ்வளவு ஊறவைப்பது என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. பிரம்மச்சாரிகள் அல்லவா, பை முழுவதையும் பக்கெட்டில் கொட்டித் தண்ணீர் விட்டோம்.

மத்தியானம் பார்த்தால் பக்கெட் வழிகிறது. குடத்தில் பாதியை மாற்றினோம், குடமும் வழிந்தது. வீட்டுக்கார அம்மாவின் கிரைண்டர் சாயங்காலம் வரை நிற்காமல் சுற்றி, சூடேறி, முனகிக்கொண்டே அரைத்துக் கொடுத்தது. தெருவே வடை தின்றது. எதிர்வீட்டு நாய் வடை தின்று தின்று சலித்துப்போய் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

இருட்டிய பிறகு ஏக்கர் வந்தார். நின்றுகொண்டே ஆறு வடை தின்றார். "ஜோரா கீதே, எந்தக் கடைடா?" என்றார். நான் ரமணாவைப் பார்த்தேன். ரமணா ஆணியைப் பார்த்தான். ஏக்கரும் ஆணியைப் பார்த்தார்.

"அடப்பாவிங்களா! வெதைடா அது! பொறுக்கி பொறுக்கி வெச்ச வெதை! ஒரு ஏக்கரைத் துன்னுட்டீங்களேடா!"

"ஏக்கரா? நான் பத்துதான் தின்னேன் அண்ணா" என்றான் ரமணா நடுக்கத்தோடு.

அன்றையிலிருந்து அவர் ஏக்கர். அவருக்கும் அதற்குப் பிறகு கண்ணில் படுகிற தின்பண்டமெல்லாம் நிலமாகத் தெரிய ஆரம்பித்தது. நாராயணவனத்தில் எங்கள் சூப்பர்வைசர் கல்யாணத்தில் கை கழுவுகிற இடத்தில் போய் நின்றுகொண்டு, இலையில் மிச்சம் வைத்தவர்களையெல்லாம் மறித்தார். "இன்னாம்மா, அரை சென்ட் கழனிய அப்பிடியே வுட்டுட்டு வந்துட்ட?" பெண்ணின் சித்தி பயந்துபோய்த் திரும்பிப் போய் லட்டை எடுத்துக்கொண்டாள்.

இத்தனை பேசுகிற மனிதருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் கழனியில் கூலிக்கு அறுத்தவர்கள். அவருடைய அக்கா கஸ்தூரிதான் அந்த வீட்டிலேயே முதல்முதலாகக் கவுலுக்கு, அதாவது குத்தகைக்கு, ஒரு ஏக்கர் எடுத்து நெல் வைத்தவர். புருஷன் இல்லை. நிலத்துக்காரருக்குப் புத்தூரில் மருந்துக்கடை. ஒரு மார்கழி மாதம் அவர் வந்து, "அறுப்பு ஆனா ஆறு மாசம் சும்மாதானே கிடக்குது, சித்திரையில பிளாட் போட்டுடப் போறேன்" என்று சொல்லிவிட்டார்.

ஏக்கர் வரப்பிலேயே அவரை மறித்தார். "சும்மா கெடந்தாதான சார் பிளாட்டு? மாசி மாசம் வந்து பாருங்க. பச்சையா இருந்தா?"

"நெல்லு அறுத்த கழனி மாசில பச்சையா? இருந்தா கவுலை உங்கக்காவே வெச்சுக்கட்டும்யா" என்று சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார் மருந்துக்கடைக்காரர்.

அவ்வளவுதான். மனிதருக்குச் சுத்தமாகத் தூக்கம் போய்விட்டது. எங்களுக்கும் சேர்த்துத்தான். தை பிறந்ததும், நெல் நிற்கும்போதே, கீழே ஈரம் இருக்கும்போதே, கதிர்களுக்கு நடுவே புகுந்து உளுந்தை வீசிவிட்டு வந்தார். அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் இப்படி வீசினால், நெல்லை அறுத்தெடுக்கும்போது அடியில் பயிர் முளைத்து நிற்கும், உழவே வேண்டாம் என்பது அவர் கணக்கு. முளைத்தும் விட்டது. போனில் போட்டோ எடுத்துவந்து ஷெட்டில் எல்லோருக்கும் காட்டினார். குழந்தை பிறந்தவன்கூட அப்படிக் காட்டியிருக்க மாட்டான்.

ஆனால் நாட்டையே காப்பாற்றப் புறப்பட்ட அந்த மனிதர் ஒன்றை மறந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் கையால் யார் அறுக்கிறார்கள்? அறுப்பு மெஷின் வரும். ஊர்க் கழனி முழுவதையும் வரிசையாக வழித்துக்கொண்டே போகும்.

அது நைட் ஷிப்ட் முடியப்போகிற நேரம். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஃபோர்க்லிஃப்டில் பெட்டி அடுக்கை ஏக்கர் மேலே தூக்கியபோது அக்காவிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டார்.

"டேய், மெஷின் வந்துடுச்சுடா. பக்கத்துக் கழனிலதான் ஓடிக்கினு கீது, அடுத்து நம்மளுது. நீ இன்னாத்துக்கும் கவலப்படாத."

பெட்டி அடுக்கு அந்தரத்திலேயே நின்றது. "யக்கா! மெஷின் வோணாம்! செயின் சக்கரம் ஏறிச்சுன்னா மொளைச்சதெல்லாம் கூழாப் பூடும்!"

"அப்ப யார்றா அறுக்கறது? ஊர்ல ஆளு எங்க கீறாங்க? அறுக்கத் தெரிஞ்சவங்க அல்லாரும் உங்க கம்பெனிக்கில்ல வந்துட்டாங்க!"

ஏக்கர் போனைப் பார்த்தார். அப்புறம் ஷெட்டைப் பார்த்தார். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு ஓடினார், பின்னாலேயே நானும் ரமணாவும்.

நகரிப் பக்கம் போகிற கம்பெனி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. படியில் ஏறி நின்றுகொண்டு பிரசங்கத்தை ஆரம்பித்தார். நாடு, பருப்பு, பர்மா, கப்பல். ராத்திரி முழுக்க நின்று வேலை செய்தவர்களுக்குக் கப்பல் வந்தால் என்ன, கவிழ்ந்தால் என்ன? பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். "யோவ், எறங்குய்யா, வண்டி எடுக்கணும்" என்றார் டிரைவர். ஏக்கர் படிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கப்பல் பாதியிலேயே நின்றது.

"எங்க அக்கா கழனி பூடும்" என்றார். "எங்க நைனா அந்தக் கழனில கூலிக்கு அறுத்தவரு. எங்க அக்கா அதுல வெள்ளாமை வெக்குது. மெஷின் எறங்குச்சுன்னா உளுந்து பூடும், உளுந்து பூட்டா அது பிளாட்டு. அவ்ளோதான்."

அத்தனை நாளில் அவர் குரல் உடைந்து நாங்கள் கேட்டதில்லை. பேக்கிங்கில் இருந்த செல்வி, நகரிக்காரி, பின்சீட்டிலிருந்து கத்தினாள்.

"அத மொதல்ல சொல்றதுக்கு இன்னா? பர்மாவாம் பர்மா! டிரைவரண்ணா, வண்டிய எடு. அருவா எத்தினி கீதுன்னு அக்காவ கேளு!"

அக்காவின் கழனி இருக்கிற விஜயபுரம் பக்கத்து ஜனங்கள் அன்றைக்குக் கண்ட காட்சியை வேறு எவரும் கண்டிருக்க முடியாது. நீல யூனிபார்ம், கழுத்தில் அடையாள அட்டை, தலையில் கழற்ற மறந்த வலைத்தொப்பி, கையில் ஊரெல்லாம் இரவல் வாங்கிய கருக்கரிவாள். ஒரு பஸ் ஆட்கள் கழனியில் இறங்கினார்கள். மெஷின் அதற்குள் ஒரு ஓரமாக உள்ளே நுழைந்து ஒரு பட்டை வழித்துவிட்டிருந்தது. ஏக்கர் அதன் முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார். சேலத்துக்காரரான மெஷின் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "என்னங்க, கம்பெனியைக் கழனிக்கு மாத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

செல்வி வகையறா பத்துப் பேர் சரசரவென்று அறுத்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் விஷயம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. நான் அறுத்ததைப் பார்த்து கஸ்தூரி அக்கா, "தம்பி, நீ தண்ணி மட்டும் மொண்டு குடு, போதும்" என்றார். ஏக்கரோ ஒரு இடத்தில் நிற்காமல் கழனி முழுக்கக் குதித்துக்கொண்டிருந்தார்.

"கால எடுத்து வைய்யி! பாத்து! நீ மிதிக்கறது இட்லிடா! டேய் ரமணா, ரெண்டு தோசைய மிதிச்சிக்கினு நிக்கிறியேடா!"

"எந்தப் பக்கம் வெச்சாலும் டிபனாவே இருக்குதே அண்ணா!" என்று ரமணா ஒற்றைக்காலில் நின்று அலறினான்.

சேலத்துக்காரர் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு அவருக்கே மனசு கேட்காமல் மெஷினைப் பின்னால் எடுத்து ரோட்டோரம் நிறுத்தினார். அறுத்த கட்டுகளைத் தூக்கிவந்து அதன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினோம். நெல் தனியாக, வைக்கோல் தனியாக வந்தது. உச்சி வெயிலுக்குக் கழனியில் நெல் இல்லை. அடித்தாள்களுக்கு நடுவே உளுந்து, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று இலையோடு, உயிரோடு நின்றது. கஸ்தூரி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மாசியில் மருந்துக்கடைக்காரர் வந்தார். வண்டியிலிருந்து இறங்காமலேயே பார்த்தார். மெஷின் வழித்த பட்டை மட்டும் வழுக்கையாக இருந்தது, மீதியெல்லாம் பச்சை. இறங்கி வந்து ஒரு செடியைக் கிள்ளிப் பார்த்தார், நம்பிக்கை வராதவர் மாதிரி. "சரி, சொன்னது சொன்னதுதான். உங்கக்காவே வெச்சுக்கட்டும்" என்று முனகிவிட்டுப் போனார்.

பங்குனியில் ஏக்கர் ஊரிலிருந்து வந்து ஒரு துணிப்பையை அதே ஆணியில் மாட்டினார். நானும் ரமணாவும் பயந்து தள்ளி உட்கார்ந்தோம்.

"இன்னாடா முழிக்கிறீங்க? இது வெதை இல்ல. அக்கா குடுத்தனுப்பிச்சு. வடை சுடுங்கடா."

இந்த முறை நாங்கள் இரண்டு ஆழாக்குக்கு மேல் ஊறவைக்கவில்லை. சுட்டெடுத்துத் தட்டை நீட்டியபோது ஏக்கர் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, முழுசாக உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பருப்பையும் பர்மாவையும் மறந்து மூன்று வடை தின்றார். நாலாவது வடை கையில் இருக்கும்போதே தூங்கிவிட்டார். ரமணா அந்த வடையை மெல்ல எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினான்.

நான் இப்போது சென்னையில் இருக்கிறேன். பஸ்ஸில் போகும்போது ஜன்னலில் சும்மா கிடக்கிற நிலம் தெரிந்தால் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிடுகிறேன். "இறங்கணுமா சார்?" என்று வழிவிடுகிறார் பக்கத்து சீட்காரர். இல்லை சார், எங்க ஏக்கர் ஞாபகம் வந்துட்டுது.